சிங்குவே தெர்ரே: இருவராகச் செல்வோர் ஓர் ஊரில் தங்கிப் பார்க்கும் முறை

இத்தாலியின் வடமேற்கே, லிகூரியக் கடலோரத்தில் மலைச்சரிவைப் பற்றிக்கொண்டு நிற்கும் ஐந்து சிற்றூர்களுக்குச் சேர்த்து வழங்கும் பெயர் சிங்குவே தெர்ரே. ரியோமஜோரே, மனரோலா, கொர்னீலியா, வெர்னாட்சா, மொன்தெரொஸ்ஸோ என அவை தெற்கிலிருந்து வடக்காக அமைந்துள்ளன. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு ரயிலில் சில நிமிடங்களே ஆவதால், ஐந்தையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு இரவுக்குள் ஃபுளோரன்ஸ் திரும்பிவிடலாம் என்று பலர் திட்டமிடுகிறார்கள். கணவன் மனைவியாகச் செல்பவர்கள் அப்படிச் செய்ய வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். முற்பகலில் வந்திறங்கும் கூட்டம் மாலையில் கிளம்பிய பிறகுதான் இந்த ஊர்கள் தம் இயல்புக்குத் திரும்புகின்றன. அந்த அந்திப்பொழுதும் மறுநாள் விடியலும் அங்கே தங்குபவர்களுக்கே வாய்க்கும். ஆகவே ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து மூன்று இரவுகளேனும் தங்குங்கள்.

எந்த ஊர் என்பதை உங்கள் இருவரில் யாருக்கு நடை கடினமோ அவரை வைத்து முடிவு செய்யுங்கள். மணற்கடற்கரையும் ஓரளவு சமதரையும் உள்ள ஊர் மொன்தெரொஸ்ஸோ. மூட்டுவலி உள்ளவருக்கு அதுவே ஏற்றது. கடலுக்கு ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொர்னீலியா அமைதியான ஊர்தான் என்றாலும், ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் செல்ல ஏறத்தாழ 380 படிகள் ஏற வேண்டும், அல்லது சிற்றுந்துக்குக் காத்திருக்க வேண்டும். நடையில் தயக்கமில்லாதவர்களுக்கு வெர்னாட்சாவைப் பரிந்துரைக்கிறேன். அங்கே மாலை ஏழு மணியளவில் துறைமுகக் கற்சுவரின்மேல் அமர்ந்தால், அலை ஏறி இறங்கும்போது கட்டப்பட்ட படகுகள் ஒன்றையொன்று மெல்ல உரசும் ஒலியும், நீரை ஒட்டி நிற்கும் சாந்தா மார்கரீத்தா தேவாலயத்தின் மணியோசையும் மட்டுமே கேட்கும். எந்த ஊரானாலும் படிக்கட்டுகள் உண்டு. சக்கரப் பெட்டியைத் தவிர்த்து முதுகுப்பையுடன் செல்லுங்கள்.

மே மாதமும் செப்டம்பரும் உகந்த காலங்கள். ஆகஸ்ட் 15 இத்தாலியர்களின் பெரிய விடுமுறை நாள் என்பதால், அதையொட்டிய வாரங்களில் அறை கிடைப்பதும் அரிது, விலையும் அதிகம். அக்டோபரின் பிற்பகுதியில் கனமழைக்கு வாய்ப்புண்டு. 2011 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில் வெர்னாட்சாவும் மொன்தெரொஸ்ஸோவும் சேற்றில் புதைந்து உயிர்ச்சேதமும் நேர்ந்தது. இன்று மழை எச்சரிக்கை விடுக்கப்பட்டால் நடைபாதைகளை உடனே மூடிவிடுகிறார்கள். அதை மீறி நடக்க முயல வேண்டாம்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தம்பதியாக இருந்தாலும் ஒவ்வொருவரும் தனித்தனி விண்ணப்பமும், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் தர வேண்டும்.

மிலானிலிருந்து நேரடி ரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் மொன்தெரொஸ்ஸோவை அடையலாம். ஃபுளோரன்ஸ், பீசா பக்கமிருந்து வருபவர்கள் ஐந்து ஊர்களுக்கும் தெற்கே உள்ள லா ஸ்பெட்சியா நகரில் மாறுவது வழக்கம். லா ஸ்பெட்சியாவுக்கும் வடக்கே உள்ள லெவாந்தோவுக்கும் இடையே எத்தனை முறை வேண்டுமானாலும் ரயிலில் சென்றுவரவும், கட்டண நடைபாதைகளில் நடக்கவும் சேர்த்து ஒருநாள் அட்டை விற்கிறார்கள். காகிதப் பயணச்சீட்டு வாங்கினால், ஏறுமுன் நடைமேடையிலுள்ள இயந்திரத்தில் முத்திரையிட மறக்காதீர்கள். மறந்தால் அபராதம் உண்டு. ரயில் பெரும்பாலும் சுரங்கத்துக்குள்ளேயே ஓடுவதால், ஒரு முறையாவது தெற்கே உள்ள போர்த்தோவெனேரே என்னும் கடலோர ஊரிலிருந்து படகில் வாருங்கள். இந்த ஊர்களின் முகம் கடலை நோக்கியே இருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கும். படகு கொர்னீலியாவில் மட்டும் நிற்பதில்லை.

வெர்னாட்சாவுக்கும் மொன்தெரொஸ்ஸோவுக்கும் இடையிலான பாதையை நடக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். காலை எட்டு மணிக்குள் தொடங்கினால் வெயிலும் நெரிசலும் இராது. வழியில் சரிவைத் தாங்கும் கற்சுவர்களை நின்று பாருங்கள். சாந்தே இல்லாமல் கல்லின்மேல் கல் பொருத்திப் பல நூற்றாண்டுகளாக எழுப்பப்பட்ட அந்த அடுக்குகளில்தான் திராட்சை விளைகிறது. 1997-இல் யுனெஸ்கோ இந்நிலத்தை உலகப் பாரம்பரியமாக அறிவித்ததற்கு அவையும் காரணம். ரப்பர் செருப்புடன் இப்பாதைகளில் நடந்தால் அபராதம் விதிக்கப்படும். நடக்க இயலாதவர் ரயிலில் வந்து மறுமுனையில் காத்திருக்கலாம். இருவரும் எல்லாவற்றையும் சேர்ந்தே செய்ய வேண்டியதில்லை. ஆனால் ரியோமஜோரேக்கும் மனரோலாவுக்கும் இடையே ஒரு கிலோமீட்டருக்கும் குறைவாக உள்ள ‘காதல் வழி’யைச் சேர்ந்தே நடந்துவிடலாம். பாறை சரிந்து 2012-இல் மூடப்பட்ட அந்தப் பாதை 2024-இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதற்கு நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும்.

சைவ உணவு உண்பவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. காலையில் அடுமனைக்குச் சென்றால் ஃபொகாச்சா என்னும் தட்டை ரொட்டி சூடாக வெளிவரும். மாவில் விரலால் அழுத்திய குழிகளில் ஆலிவ் எண்ணெயும் உப்பும் தேங்கியிருக்கும். கொண்டைக்கடலை மாவைக் கரைத்து அகன்ற தட்டில் ஊற்றிச் சுடும் ஃபரினாத்தா, நம் அடைக்கு உறவு என்றே சொல்லலாம். நம் திருநீற்றுப்பச்சிலையின் இனத்தைச் சேர்ந்த இலையை அரைத்துச் செய்யும் பெஸ்தோ என்னும் துவையல் இந்த மாநிலத்துக்கே உரியது. அதில் பாலாடைக்கட்டி சேரும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். மீன் உண்பவர்கள் மொன்தெரொஸ்ஸோவின் நெத்திலியை விடக்கூடாது.

ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை மிலானிலோ பீசாவிலோ கழிப்பது நல்லது. இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி நடக்கும். முன்கூட்டியே அறிவிப்பார்கள் என்பதாலும், வேலைநாள்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட சில வட்டார ரயில்களைக் கட்டாயம் இயக்குவார்கள் என்பதாலும், புறப்படும் வாரத்தில் அறிவிப்பைப் பார்த்து அந்த நேரத்துக்குள் கிளம்பிவிடுங்கள்.