டிஎன் 24: ஒரு வண்டி எண்ணைப் பிரித்துப் பார்ப்போம்

கிருஷ்ணகிரி வண்டிகளின் நம்பர் பிளேட்டில் டிஎன் 24 இருக்கும். அந்த 24-க்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பேனாவும் தாளும் போதும்.

படி 1: காரணிகளை ஜோடியாக எழுதுங்கள். 1×24, 2×12, 3×8, 4×6. மொத்தம் எட்டு. 24-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது.

படி 2: அடியோடு உடையுங்கள். 24 = 2×2×2×3, அதாவது 8×3. இதை ஓரமாகக் குறித்து வையுங்கள். உடனே வேலை இருக்கிறது.

படி 3: 3-ஐவிடப் பெரிய பகா எண் ஒன்றை எடுங்கள். நான் தருமபுரி வண்டி எண்ணான 29-ஐ எடுக்கிறேன். வர்க்கம் 841. ஒன்றைக் கழித்தால் 840. அதை 24-ஆல் வகுத்தால் 35, மீதி இல்லை. 5, 7, 11, 13 எடுத்தாலும் அப்படியே: 24, 48, 120, 168.

ஏன்? 840 என்பது 28×30. பகா எண்ணுக்கு முன்னும் பின்னும் நிற்பவை இரட்டை எண்கள். அடுத்தடுத்த இரண்டு இரட்டை எண்களில் ஒன்று கட்டாயம் 4-ஆல் வகுபடும். ஆக, பெருக்கினால் 8 உள்ளே வந்துவிடும். அப்புறம், 28, 29, 30 என வரிசையாக வரும் மூன்றில் ஒன்று 3-ஆல் வகுபட வேண்டும். நடுவில் இருப்பது பகா எண், அது வகுபடாது. அப்படியானால் பக்கத்தில் உள்ள இரண்டில் ஒன்று. 8-உம் 3-உம் சேர்ந்தால் 24.

இதைப் பகா எண்களின் மாயம் போலச் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. 2-ஆலும் 3-ஆலும் வகுபடாத எண்ணாக இருந்தாலே போதும். 25 பகா எண் இல்லை, ஆனாலும் 624 = 24×26.

படி 4: இதுதான் எனக்குப் பிடித்தது. மாங்காய் சீசனில் மண்டியில் பழங்களைச் சதுரக் கூம்பாக அடுக்குவதாக வைத்துக்கொள்வோம். உச்சியில் 1, அதன் கீழே 4, அதன் கீழே 9. இப்படி 24 அடுக்கு. மொத்தம் எத்தனை பழம்?

ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டாம். பத்தாம் வகுப்பில் வரும் சூத்திரம் இருக்கிறது: அடுக்குகளின் எண்ணிக்கை, அதைவிட ஒன்று கூடுதலான எண், அதன் இரு மடங்கோடு ஒன்று கூட்டிய எண், மூன்றையும் பெருக்கி 6-ஆல் வகுக்க வேண்டும். கடைசி எண்ணுக்கு, அடுக்குகளின் எண்ணிக்கையைத்தான் இரட்டிக்க வேண்டும். நமக்கு 24×25×49÷6. 24-ஐ 6-ஆல் வகுத்துவிட்டால் மிஞ்சுவது 4×25×49. மூன்றுமே வர்க்க எண்கள்! 2, 5, 7 ஆகியவற்றின் வர்க்கங்கள். எனவே விடை 4,900, அதாவது 70×70. கூம்பைக் கலைத்துத் தரையில் பரப்பினால் வரிசைக்கு 70 வீதம் 70 வரிசை, ஒரு பழம் மிஞ்சாது. ஓசூர் வண்டி எண் 70 என்பது தற்செயல்தான், ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது.

எல்லாக் கூம்பும் இப்படி அமையாது. 10 அடுக்குக்கு 385. அது வர்க்க எண் இல்லை. ஒரே பழம் வைத்த கூம்பை விட்டால், 24 அடுக்கு மட்டுமே முழு வர்க்கம் தரும். 1875-இல் பிரான்சின் எதுவார் லூக்கா பீரங்கிக் குண்டுகளை வைத்து இதைக் கேட்டார். 1918-இல் ஜி. என். வாட்சன் நிரூபித்தார். அந்த நிரூபணம் கடினம், இங்கே வேண்டாம். 23 அடுக்குக்கும் 25 அடுக்குக்கும் அதே சூத்திரத்தைப் போடுங்கள். 4,324, 5,525 என்று வந்தால் கணக்கு சரி.