ஹவாய்ச் சாலைகளில் வழி தவற வைக்கும் தவறுகள்

ஹவாயின் பெரிய தீவில் ஹீலோ நகரிலிருந்து புறப்படும் 11ஆம் எண் சாலையில் 28ஆம் மைல்கல்லைத் தாண்டியதும் எரிமலைத் தேசியப் பூங்காவின் வாசல் வரும். அதே ஹீலோவிலிருந்து மேற்கே ஏறும் 200ஆம் எண் சாலையில், 28ஆம் மைல்கல் அருகேதான் மௌனா கேயா சிகரத்துக்கான பாதை பிரிகிறது. "28ஆம் மைலில் சந்திப்போம்" என்று மட்டும் சொல்லிக்கொண்ட இரண்டு குடும்பங்கள் இரண்டு வெவ்வேறு மலைகளில் நிற்கும். ஹவாயில் முகவரியைவிட மைல்கல் அதிகம் பயன்படுகிறது. ஆனால் சாலை எண் இல்லாத மைல்கல் எண்ணால் ஒரு பயனும் இல்லை.

எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். முதல் இலக்கமே தீவைச் சொல்லிவிடும். 1, 2 என்றால் பெரிய தீவு, 3 மௌயி, 4 மொலோகாயும் லானாயும், 5 கௌவாயி, 6 முதல் 9 வரை ஹொனலூலு இருக்கும் ஓஹூ. இரண்டு இலக்க எண்கள் பெரும்பாலும் முக்கியச் சாலைகள். மூன்று இலக்க எண்கள் அவற்றின் கிளைகள் அல்லது தொடர்ச்சிகள்.

எண்ணை விட்டுப் பெயரைப் பிடித்துக்கொள்வது அடுத்த தவறு. கஹேகிலி நெடுஞ்சாலை ஓஹூவிலும் உண்டு, அங்கே அதற்கு எண் 83. மௌயியிலும் உண்டு, அங்கே எண் 340; பாறை விளிம்பில் ஒரே ஒரு கார் அகலத்துக்குக் குறுகும் பாதை அது. ஓஹூவின் கமேஹமேஹா நெடுஞ்சாலை ஒரே பெயரில் 99, 80, 83, 830 என நான்கு எண்களில் ஓடுகிறது. மொலோகாயில் இருப்பது ஐந்தாம் கமேஹமேஹா நெடுஞ்சாலை, எண் 450. வைமேயா என்ற ஊர்ப்பெயர் இன்னும் மோசம்: பெரிய தீவில் ஓர் ஊர், கௌவாயியில் ஓர் ஊர், ஓஹூவில் ஒரு விரிகுடா. பெரிய தீவின் வைமேயாவை அஞ்சல் துறை கமுவேலா என்றே குறிப்பதற்கு இதுதான் காரணம். வழிகாட்டும் செயலியில் தேடும்போது தீவின் பெயரையும் சேர்த்துத் தட்டச்சு செய்யுங்கள்.

மைல்கல் எண் இடையில் மறுபடி பூஜ்யத்துக்குப் போகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மௌயியில் ஹானாவுக்குப் போகும் சாலை கஹுலுயியிலிருந்து 36ஆம் எண்ணாகத் தொடங்குகிறது. 16 மைல் தாண்டி, 365ஆம் எண் சாலை வந்து சேருமிடத்தில் அது 360 ஆகிறது. மைல்கற்களும் புதிதாக எண்ணத் தொடங்குகின்றன. ஹூகிபா கடற்கரை 36இன் 9ஆம் மைலில்; இரட்டை அருவி 360இன் 2ஆம் மைலில். பட்டியலில் எண்ணை மட்டும் பார்த்து, "2 முதலில் வரும், 9 பிறகு" என்று நினைத்தால் ஹூகிபாவை வேகமாகக் கடந்துவிடுவீர்கள். ஹானாவைத் தாண்டினால் இன்னொரு திருப்பம்: அங்கே சாலை 31ஆம் எண்ணுக்கு மாறி, மைல்கற்கள் 51இலிருந்து இறங்குமுகமாகப் போகின்றன. வைலுவா அருவி 45இல், ஓஹேயோ குளங்கள் 42இல். எண் குறைகிறதே, திரும்பி வருகிறோமோ என்று பதற வேண்டாம். 31இன் தொடக்கம் தீவின் மறுபக்கத்தில், கிஹேயில் இருக்கிறது.

பெரிய தீவில் 11, 19 இரண்டுமே ஹீலோவில் தொடங்கித் தீவை எதிரெதிர்த் திசையில் சுற்றி மேற்குக் கரையிலுள்ள கோனாவில் சந்திக்கின்றன. அங்கே 19இன் எண் சுமார் 100, 11இன் எண் சுமார் 122. விமான நிலையம் 19இன் 93ஆம் மைலுக்கு அருகே. அங்கிருந்து தெற்கே வரும்போது எண் ஏறும். கோனாவைத் தாண்டி 11இல் நுழைந்ததும் இறங்கும்.

எல்லாவற்றையும்விட நேரத்தைத் தின்னும் தவறு, வரைபடத்தில் ஒரே பெயரோ ஒரே எண்ணோ இருந்தால் சாலை இணைந்திருக்கும் என்று நம்புவது. ஓஹூவின் மேற்கு முனையான கயேனாவின் இருபுறமும் ஃபாரிங்டன் நெடுஞ்சாலைதான்: வையனாயே பக்கம் 93, மொகுலேயியா பக்கம் 930. நடுவில் நடந்து போகும் பாதை மட்டுமே. தவறான பக்கம் போய்விட்டால், எச்-1, எச்-2 விரைவுச்சாலைகள் வழியாகத் தீவின் நடுவே சுற்றிவர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். இங்கே வீட்டு எண்ணின் முன்னொட்டைப் பாருங்கள்: 84 என்று தொடங்கினால் வையனாயே பக்கமுள்ள மாகஹா, 68 என்றால் மொகுலேயியா.

மௌயியின் 31ஆம் எண்ணும் அப்படித்தான், இரண்டு துண்டுகள். கிஹேயிலிருந்து வைலேயாவுடன் ஒரு துண்டு முடிகிறது. மற்றொன்று உலுபலகுவாவில், 37ஆம் எண் முடியுமிடத்தில் தொடங்கி ஹானா பக்கம் போகிறது. இவற்றுக்கு நடுவே பொதுச்சாலை இல்லை. கௌவாயியில் 50ஆம் எண் மேற்கே ஓய்கிறது, 560 வடக்கே கேயே கடற்கரையில் ஓய்கிறது. இடையே நா பாலி செங்குத்துப் பாறைகள்.

சில சாலைகளை எரிமலையே வெட்டியது. பெரிய தீவின் கலபனாவிலிருந்து கடலோரமாகத் தேசியப் பூங்காவுக்குக் காரில் போன காலம் 1980களிலேயே முடிந்தது. 1990இல் ஊரும் எரிமலைக் குழம்பின் அடியில் போனது. 130ஆம் எண் இன்று அந்தக் கரும்பாறை விளிம்பில் நின்றுவிடுகிறது. 2018இல் 132, 137 ஆகிய சாலைகளின் பகுதிகளும் மூடப்பட்டன. 132 மறுபடி திறக்க 2019 நவம்பர் ஆனது. பழைய அச்சு வரைபடத்தை இந்தப் பக்கம் நம்பவே கூடாது.

பழைய தகவலால் வரும் தவறுக்கு 200ஆம் எண் சாலையே நல்ல எடுத்துக்காட்டு. 1942இல் ராணுவம் போட்ட இந்தச் சாடில் சாலை குறுகலானது, குழிகள் நிறைந்தது. வாடகைக் கார் நிறுவனங்கள் பல அதில் போகவே தடை விதித்திருந்தன. பிறகு அது நன்றாக அகலப்படுத்தப்பட்டு, 2013இல் மேற்குப் பகுதி புதிய தடத்துக்கு மாறி, டேனியல் இனோவே நெடுஞ்சாலை என்ற பெயரும் பெற்றது. ஆனால் கைவிடப்பட்ட மேற்குத் தடம் பழைய சாடில் சாலை என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. வைமேயாவிலிருந்து வருவோருக்கு அது குறுக்குவழி. கோனாவிலிருந்து வருவோர் அதைத் தேடிப் போனால் வீண் சுற்றுதான். எதில் போனாலும் கிளம்பும் முன் டாங்கை நிரப்புங்கள்; 50 மைலுக்கு மேல் நீளும் இந்த மலைச்சாலையில் பெட்ரோல் பங்க் கிடையாது. சாலை 6,600 அடி வரை ஏறுவதால் பட்டப்பகலிலும் மூடுபனி இறங்கும், முகப்பு விளக்கை எரியவிட்டே ஓட்டுங்கள்.

ஓஹூவில் பழைய வரைபடம் 78 என்று காட்டும் மொவனலுவா சாலையின் இன்றைய பலகை எண் எச்-201. சாலை அதேதான்.

கௌவாயியின் 56ஆம் எண் பிரின்ஸ்வில்லில் 560 ஆனதும், ஹனலேயிக்கு இறங்குமிடத்தில் 1912ஆம் ஆண்டு இரும்புப் பாலம் வரும். அதிலும் அதற்கப்பால் வரும் பல பாலங்களிலும் ஒரு நேரத்தில் ஒரு திசைக்கே இடம். வெளியூர்க்காரர்கள் ஒவ்வொரு காராக மாறி மாறிப் போக முயன்று நெரிசலை உண்டாக்குகிறார்கள். அங்குள்ள வழக்கம் வேறு: எதிரே வருவது ஒரு வரிசை என்றால் அது முழுக்கக் கடக்கட்டும், உங்கள் பக்கமிருந்து ஐந்து முதல் ஏழு கார்கள் சேர்ந்தாற்போல் போகலாம், எட்டாவது கார் நின்று வழிவிட வேண்டும். சாலையின் முடிவிலுள்ள ஹாயேனா மாநிலப் பூங்காவுக்கு, ஹவாயில் வசிக்காதவர்கள் முன்பதிவு இல்லாமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் அத்தனை பாலங்களிலும் மறுபடி காத்திருந்துதான் திரும்ப வேண்டும்.