சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசாதீர்கள்

போன மாதம் காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டுக்குப் போயிருந்தேன். 1910 வாக்கில் கட்டியது. பழுது பார்க்கும் வேலையை எடுத்திருந்த தம்பிகள் இருவரும் தொழிலுக்குப் புதியவர்கள். வளவில் சிமென்ட் மூட்டை அடுக்கியிருந்தார்கள். பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. இருபது வருடத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் அடுக்கினேன்.

மட்டம் பார்ப்பது, தூக்குக்குண்டு விடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிட்டு, பழைய வீட்டைத் தொடும் புதியவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஆர்க்கிடெக்ட் பெயரோடு நின்றுவிடுவது

எழும்பூரில் 1909-ல் திறந்த விக்டோரியா நினைவு மண்டபம் என்றால் ஹென்றி இர்வின், 1913-ல் திறந்த ரிப்பன் மாளிகை என்றால் ஹாரிஸ் என்று சொல்லிவிடுகிறோம். முதலாவதைக் கட்டியவர் நம்பெருமாள் செட்டி, இரண்டாவதைக் கட்டியவர் லோகநாத முதலியார். வரைபடத்தில் வளைவும் கோபுரமும் தெரியும். சுவருக்குள் என்ன போயிருக்கிறது என்பது கட்டியவர்களின் கைப்பழக்கத்தில் இருக்கிறது. ரிப்பன் மாளிகையின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். அந்தக் காலத்தில் இங்கே சிமென்ட் பெரும்பாலும் கப்பலில் வந்த சரக்கு. போர்பந்தர் ஆலை ஓடத் தொடங்கியதே 1914-ல். ஆகவே அந்த வயதுள்ள சுவரைத் தொடும்போது, அது சுண்ணாம்புச் சுவர் என்று எடுத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

பழைய சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இருக்காது. மண்ணிலிருந்து ஓதம் ஏறும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் இருப்பதால் ஏறிய ஈரம் அதன் வழியாகவே காற்றில் போய்விடும். மேலே சிமென்ட் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கி இன்னும் மேலே ஏறுகிறது. அதோடு வந்த உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லை அரிக்கிறது.

நான் பூசிய சுவர் முதல் வருடம் பளிச்சென்று இருந்தது. வீட்டுக்காரர் பாராட்டினார். மூன்றாவது மழைக்காலம் முடிந்து போய் விரல் மடக்கித் தட்டினேன். டொப் டொப் என்றது. ஓரிடத்தில் உளி வைத்துப் பெயர்த்தால், சிமென்ட் பாளமாக வந்தது, செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு. உள்ளே விரலை வைத்தால் சிவப்புப் பொடி உதிர்ந்தது. தொண்ணூறு வருடம் நின்ற கல் அது. கூலியை என் கையிலிருந்து கொடுத்தேன், சரி. போன செங்கல் முகத்தை எங்கிருந்து கொண்டுவருவது? பெயர்ந்து விழுந்த பழைய பூச்சில், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்து, கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்த முட்டைப்பூச்சும் கொஞ்சம் இருந்தது. அதை இழைக்கத் தெரிந்த கொத்தனார் இன்று எத்தனை பேர்?

ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால், சிமென்ட் மறுநாளே இறுகிவிடும். சுண்ணாம்பை நீற்றி, குழியில் ஊறவைத்து, அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துப் பக்குவம் பார்க்க வாரக்கணக்கில் ஆகும். வீட்டில் கல்யாணத் தேதி குறித்திருப்பார்கள். அந்த அவசரத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். "பாதி சுண்ணாம்பு, பாதி சிமென்ட்" என்று சமரசம் பேசினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிளாஸ்டிக் பெயின்ட்டும் இதே கெடுதலைத்தான் செய்யும். வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு போதும்.

ஒழுகும் தளத்தின் மேல் கான்கிரீட்

மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய மாடித்தளத்தில் தேக்கு உத்தரத்தின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்திருப்பார்கள். ஒழுகினால் மேலே இன்னொரு அடுக்கு ஏற்றாதீர்கள். முதலில் உத்தரம் சுவருக்குள் நுழையும் முனையைப் பாருங்கள். அங்கேதான் மக்கியிருக்கும். அப்புறம், தண்ணீர் வடியும் வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆத்தங்குடிக் கல்லில் ஆசிட்

தரையில் பதித்த இந்தப் பூவேலைக் கல்லைக் கழுவ ஆசிட் ஊற்றாதீர்கள். நிறம் போனால் போனதுதான்.

புதுப்பூச்சை வெயிலில் காயவிடுவது

ஈரச்சாக்கு கட்டுங்கள். வெடித்தால் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

அந்தத் தம்பிகள் மறுநாள் போன் பண்ணினார்கள். மூட்டைகளைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். "அண்ணே, குழி எவ்வளவு ஆழம் வெட்டணும்?" என்று கேட்டார்கள். நானே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.