கப்பல் அட்டவணையைப் பார்த்துத் தீவு பிடித்த கதை

போன ஜனவரியில் டொராண்டோ குளிருக்குப் பயந்து கரீபியன் கடலில் உள்ள செயின்ட் மார்ட்டின் தீவின் பிலிப்ஸ்பர்க் போனோம். கடற்கரை அழகுதான். ஆனால் காலை 9 மணிக்கே உல்லாசக் கப்பல்கள் வரிசையாக வந்து நின்றன. பத்தரைக்குத் துண்டு விரிக்க இடமில்லை. பக்கத்துக் குடையின் பாட்டுப்பெட்டி என் காதோரம்.

இந்த முறை ஹோட்டல் படங்களை மூடிவைத்துவிட்டு முதலில் துறைமுகத்தின் கப்பல் அட்டவணையைப் பார்த்தேன். அப்புறம் வரைபடம். கரீபியனில் காற்று கிழக்கிலிருந்து வீசும். டிசம்பர், ஜனவரியில் இன்னும் வேகம். 'கிறிஸ்துமஸ் காற்று' என்பார்கள். கிழக்குக் கரையில் அலை அடித்துத் தள்ளும், மேற்குக் கரை குளம் மாதிரி கிடக்கும்.

இப்படிச் சலித்ததில் கையில் நின்றது பெக்வே என்ற குட்டித் தீவு. செயின்ட் வின்சென்ட் தீவின் கிங்ஸ்டவுனிலிருந்து படகில் ஒரு மணி நேரம். பரப்பு வெறும் 18 சதுர கிலோமீட்டர். பெரிய விமானம் இறங்க வழியில்லை, அதுவே பாதிக் கூட்டத்தை வடிகட்டிவிடுகிறது. சின்னக் கப்பல் எப்போதாவது வரும். அந்தத் தேதிகளைத் தவிர்த்துப் பதிவு செய்தேன்.

பிரின்சஸ் மார்கரெட் கடற்கரையில் முதல் காலை: நங்கூரமிட்ட பாய்மரப் படகுகளின் கம்பத்தில் கயிறு டிக் டிக்கென்று தட்டும் சத்தம், ஒரு கூழைக்கடா தொபுக்கென்று நீரில் விழுந்தது. மனைவி புத்தகத்தை மூடாமலே தூங்கிவிட்டாள்.