குடும்பத்தோடு பனிமேட்டில் சறுக்குவது எப்படி: பிரெக்கன்ரிட்ஜில் முதல் நாள்

கொலராடோவில், டென்வரிலிருந்து மேற்கே சுமார் 130 கி.மீ. தள்ளி ராக்கி மலைக்குள் இருக்கிற ஊர் பிரெக்கன்ரிட்ஜ். பெரும்பாலானவர்கள் ஸ்கீயிங் (காலில் நீளப் பலகை மாட்டிப் பனியில் சறுக்குவது) செய்யத்தான் அங்கே போகிறார்கள். ஸ்கீயிங்குக்குப் பயிற்சி வேண்டும், நிறையப் பணமும் வேண்டும். ஸ்லெட்டுக்கும் (உட்கார்ந்து பனியில் சறுக்கும் பலகை) டியூபுக்கும் (காற்றடைத்த பெரிய வளையம்) பயிற்சியே வேண்டாம், உட்கார்ந்தால் அதுவே இறங்கிவிடும். ஆனால் இரண்டிலும் ஸ்டியரிங்கும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. அதனால் மேட்டின் உச்சியைப் பார்ப்பதைவிட அது எங்கே போய் முடிகிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

படி 1: உயரத்துக்கு உடம்பைப் பழக்குங்கள்

பிரெக்கன்ரிட்ஜ் சுமார் 2,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். சமவெளியிலிருந்து நேராகப் போய் இறங்கினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். முடிந்தால் முதல் இரவை டென்வரிலேயே கழியுங்கள், அது 1,600 மீட்டர்தான். நிறையத் தண்ணீர் குடியுங்கள். பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் கூட்டிப் போவதாக இருந்தால், இதயம், நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

காரில் போகிறவர்கள் டயரையும் பாருங்கள். ஐ-70 நெடுஞ்சாலையின் மலைப் பகுதியில் செப்டம்பர் 1 முதல் மே 31 வரை டயர் விதி நடைமுறையில் இருக்கும். டயரின் பள்ளம் 3/16 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. வாடகைக் கார் எடுக்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

படி 2: உடை

ஜீன்ஸ் வேண்டாம், பருத்திச் சாக்ஸும் வேண்டாம். பருத்தி ஈரத்தைக் குடித்துக்கொண்டு விடவே விடாது, அரை மணியில் குழந்தை நடுங்க ஆரம்பித்துவிடும். உடம்போடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை, அதன் மேல் ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை இழைத் துணி) அல்லது கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே நீர் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும். கையுறையில் விரல்கள் தனித்தனியாக இருப்பதைவிட எல்லா விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன்தான் குழந்தைக்குச் சூடு. ஒரு ஜோடி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், முதல் ஜோடி நிச்சயம் நனையும்.

நீளமான மப்ளர் போட்டுவிடாதீர்கள். ஸ்லெட்டிலோ, டியூப் பூங்காவில் ஆட்களை மேலே ஏற்றும் நகரும் பட்டையிலோ சிக்கிக் கழுத்தை இறுக்கலாம். கழுத்தோடு பொருந்தும் குழாய் மாதிரியான துணி கடையில் கிடைக்கும், அதுதான் சரி. வெண்பனி வெயிலைத் திருப்பி அடிக்கும், மலை உயரத்தில் புற ஊதாக் கதிரும் அதிகம். அதனால் குளிரில்கூட சன்ஸ்கிரீனும் கறுப்புக் கண்ணாடியும் தேவை. மோவாயின் அடிப்பகுதியில் தடவ மறந்துவிடுவார்கள், பனியில் பட்டுத் திரும்பும் வெயில் அங்கேதான் அடிக்கும்.

ஹெல்மெட் கட்டாயம். ஸ்கீ ஹெல்மெட்டை ஊரிலேயே வாடகைக்கு எடுக்கலாம்.

படி 3: மேட்டைத் தேர்ந்தெடுங்கள்

பிரெக்கன்ரிட்ஜ் ஊருக்குள்ளேயே கார்ட்டர் பார்க் என்ற பூங்காவில் ஒரு சறுக்கு மேடு இருக்கிறது. கட்டணம் இல்லை, ஸ்லெட்டை நீங்கள் கொண்டுபோக வேண்டும். கட்டணம் கட்டி டியூபில் போக வேண்டுமென்றால் பக்கத்து ஊரான ஃப்ரிஸ்கோவின் அட்வென்ச்சர் பார்க். முதல் முறை போகிற குடும்பத்துக்கு நான் டியூப் பூங்காவைத்தான் சொல்வேன். பனியை இயந்திரத்தால் சமன்படுத்திப் பாதை பாதையாகப் பிரித்திருப்பார்கள், இரு பக்கமும் பனிக்கரை இருக்கும், கீழே நிற்கப் போதுமான இடமும் விட்டிருப்பார்கள். ஒவ்வொருவரையும் முறை வைத்து அனுப்ப ஆளும் உண்டு.

இலவச மேட்டில் அந்த வேலையெல்லாம் உங்களுடையது. ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் போய் நில்லுங்கள். மரம், வேலி, பெஞ்ச், சாலை, கார் நிறுத்துமிடம், உறைந்த குளம் என்று இதில் எது எதிரே இருந்தாலும் வேறு இடம் பாருங்கள். அப்புறம் பனியைக் காலால் மிதித்துப் பாருங்கள். இரவில் மறுபடி உறைந்து கண்ணாடி மாதிரி இருக்கும் காலைப் பனியில் ஸ்லெட் பயங்கர வேகம் எடுக்கும். வெயில் ஏறிக் கொஞ்சம் இளகியதும் குழந்தைகளுக்குத் தோதான வேகம் வரும்.

ஸ்கீ பாதைகளில் ஒருபோதும் சறுக்காதீர்கள். மாலையில் ஸ்கீ செய்பவர்களை மலைமேல் ஏற்றும் லிஃப்ட் நின்றதும் அவை காலியாக, ஆசை காட்டுவதுபோலக் கிடக்கும். அந்த நேரத்தில்தான் பனியைச் சமன்படுத்தும் பெரிய வண்டிகள் இரும்புக் கம்பியை இழுத்துக்கட்டி வேலை செய்யும். இருட்டில் அந்தக் கம்பி கண்ணுக்குத் தெரியாது, உயிரையே எடுத்துவிடும்.

படி 4: ஸ்லெட்டில் இறங்குவது

நீளமான பிளாஸ்டிக் ஸ்லெட் ஆரம்பத்துக்கு நல்லது. வட்டத் தட்டு மாதிரியான ஸ்லெட் சுழன்று சுழன்று பின்பக்கமாகத் திரும்பிவிடும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நிமிர்ந்து உட்காருங்கள், கால் முன்னால் இருக்கட்டும். குப்புறப் படுத்துத் தலையை முன்னால் நீட்டிப் போவது எவ்வளவு கெஞ்சினாலும் வேண்டாம். எதில் மோதினாலும் முதலில் மோதுவது தலைதான். முதல் தடவை உச்சிக்குப் போகாதீர்கள், பாதி மேட்டிலிருந்து தொடங்குங்கள். நிறுத்த வேண்டுமென்றால் இரண்டு குதிகால்களையும் பனியில் ஊன்றுங்கள். அப்படியும் நிற்காமல் எதையாவது நோக்கிப் போனால் பக்கவாட்டில் உருண்டு விழுந்துவிட வேண்டும். ஸ்லெட் போனால் போகட்டும். இதைச் சமதளத்தில் குழந்தைகளோடு சேர்ந்து உருண்டு பழகுங்கள், அவர்களுக்கு அதுவே பெரிய விளையாட்டு.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் தனியாகப் போகக்கூடாது. கீழே போனவர் விலகிய பிறகே அடுத்தவர் கிளம்ப வேண்டும். ஏறும்போது நடுவில் ஏறாமல் ஓரமாக நடங்கள்.

படி 5: டியூபில் இறங்குவது

ஃப்ரிஸ்கோவில் ஒரு மணி நேரக் கணக்கில் டிக்கெட். விடுமுறை நாட்களில் முன்பதிவு இல்லாமல் போய் நிற்காதீர்கள். குழந்தை 36 அங்குல உயரமாவது இருக்க வேண்டும், ஒரு டியூபில் ஒருவர்தான். பெரியவர்கள் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும், அதற்காகக் கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள். மேலே ஏற மேஜிக் கார்ப்பெட் என்கிற நகரும் பட்டை இருக்கிறது. அதில் நின்றால் போதும்.

டியூபின் நடுக்குழியில் உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்து, குதிகாலைத் தரையில் படாமல் தூக்கிக்கொள்ளுங்கள். பல டியூபுகளைச் சேர்த்துப் பிடித்துப் போக ஊழியர்கள் அனுமதித்தால், எடை கூடக்கூட வேகமும் கூடும் என்பது நினைவிருக்கட்டும். சின்னவர்கள் இருந்தால் முதல் சில தடவை தனித்தனியாகவே போங்கள். கீழே நின்றதும் உடனே எழுந்து, டியூபை இழுத்துக்கொண்டு பாதையைவிட்டு விலகிவிடுங்கள்.

படி 6: எப்போது முடிப்பது

குழந்தை "போதும்" என்று சொல்லாது. விரல், மூக்கு நுனி, காது ஆகியவற்றை அவ்வப்போது நீங்களே பாருங்கள். தோல் வெளுத்து, தொட்டால் உணர்ச்சி இல்லாமல் இருந்தால் அத்தோடு நிறுத்தி உள்ளே கூட்டிப் போங்கள். தேய்க்கக்கூடாது, பனியை வைத்துத் தேய்ப்பது இன்னும் மோசம். ஈரத் துணியை மாற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வையுங்கள். உணர்ச்சி திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஞாயிறு பிற்பகலில் டென்வர் திரும்பும் ஐ-70 மணிக்கணக்கில் நகராது. ஒன்று மதியத்துக்கு முன்பே கிளம்பிவிடுங்கள், இல்லையென்றால் இரவுச் சாப்பாட்டை மலையிலேயே முடித்துக்கொண்டு நிதானமாக இறங்குங்கள். உலர்ந்த உடை ஒரு செட் கையெட்டும் தூரத்தில் காருக்குள்ளேயே இருக்கட்டும், பெட்டியில் போட்டுப் பூட்டிவிடாதீர்கள்.