ஜெர்மன் டீச்சரை கும்பகோணத்துக்கு அழைத்துவர விசா வாங்குவது எப்படி?

நர்சிங் முடித்த பிள்ளைகளுக்கு ஜெர்மன் சொல்லித்தரும் சின்ன நிறுவனம் எங்களுடையது, முறையாகப் பதிவு செய்தது. அதற்கு ஜெர்மனியிலிருந்தே ஒரு ஆசிரியையை எடுத்தோம். ஆள் பிடிப்பது, இன்டர்வியூ எல்லாம் உங்களுக்கே தெரியும், நேரே விசாவுக்கு வருகிறேன்.

சம்பளத்துக்கு ஆள் எடுத்தால் எம்ப்ளாய்மென்ட் விசாதான். டூரிஸ்ட் விசாவில் வரவழைத்து இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆண்டுச் சம்பளம் குறைந்தது 16.25 லட்சம் ரூபாய் இருக்கணும் என்பது விதி. அதைப் படித்த அன்றைக்கு இந்த ஆசையையே மூட்டைகட்டிவிட்டேன், நம்ம ஊர் ஃபீஸுக்கு அது கட்டுப்படியாகுமா? ரெண்டு நாள் கழித்துத்தான் அடுத்த வரியைப் பார்த்தேன்: மொழி ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், அந்தந்த நாட்டுச் சமையல்காரர் இவர்களுக்கெல்லாம் விலக்கு உண்டு. ஆங்கில ஆசிரியருக்கு மட்டும் கிடையாது.

அப்புறம் காகிதங்கள். நியமனக் கடிதம், ஒப்பந்தம், நிறுவனப் பதிவு, அவருடைய சான்றிதழ்கள். எல்லாவற்றிலும் நிறுவனப் பெயர் ஒரே எழுத்தில் இருக்கட்டும். இங்கேயே ஆள் கிடைக்கும் வேலைக்கு விசா தரமாட்டார்கள், அதனால் ஏன் இவர்தான் வேண்டும் என்று ஒரு கடிதம். "மிகத் திறமையானவர்" என்று நான் எழுதிய முதல் கடிதத்தை நானே கிழித்துப்போட்டேன். எத்தனை மாணவர், எந்த நிலைத் தேர்வு, எத்தனை மணி நேர வகுப்பு என்று கணக்கோடு எழுதுங்கள். விண்ணப்பத்தை அவர்தான் அங்கிருந்து போடணும். பெர்லின் தூதரகம், இல்லையென்றால் ஃபிராங்க்ஃபர்ட், மியூனிக், ஹாம்பர்க் துணைத் தூதரகங்களில் அவர் குடியிருக்கும் பகுதிக்கு உரியது.

விசா வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தபோதுதான் வாடகை வீட்டில் மாட்டினேன். வெளிநாட்டுக்காரர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் ஆன்லைனில் தெரிவிக்கணும், 'ஃபார்ம் சி' என்று சொல்லிவந்தது இதைத்தான். அதற்கு வீட்டுக்காரர் பெயரிலேயே தனி லாகின் வேண்டும். எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு ஈமெயிலே கிடையாது. "போலீஸ் கீலீஸ் வருமா தம்பி?" என்று மூணு தடவை கேட்டார். வீட்டு வரி ரசீதோ காலமான மாமனார் பெயரில். வேறு வீடு பார்த்தோம். ஆகவே டிக்கெட் போடுவதற்கு முன்னாலேயே ரசீதை வாங்கிப் பார்த்து, லாகினையும் தயாராக்கிவிடுங்கள்.

விசா 180 நாளுக்கு மேல் என்றால், வந்து இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் இணையதளமான இ-எஃப்ஆர்ஆர்ஓவில் அவர் பதிவு செய்யணும். செல்போனில் முயற்சி செய்து கண் வலிப்பதைவிட பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரிலேயே ஏற்றுவது மேல்.

பின்சேர்க்கை: மன்னார்குடி நண்பர் ஒருவர் கேட்டிருந்தார், சனி ஞாயிறு எங்கள் பள்ளிக்கும் அவரை அனுப்புவீர்களா என்று. முடியாது சார், விசா எங்கள் நிறுவனத்து வேலைக்கு மட்டும்தான். பிள்ளைகளை வேண்டுமானால் இங்கே அனுப்புங்கள்.