புடவைக்கு விழும் விசில்: கல்லூரியில் பெண்ணிய, குயர் நாடகம் போடும்போது சறுக்கும் இடங்கள்

கல்லூரி கல்ச்சுரல்ஸில் ஒரு பையன் புடவை கட்டி மேடையேறினால் விசில் பறக்கும். அவன் வாயைத் திறக்கவே வேண்டாம். பெண்ணிய நாடகமோ, குயர் நாடகமோ (திருநங்கை, தன்பாலீர்ப்பாளர் போன்றோரைப் பற்றியது) போட வரும் ஆசிரியர் முதலில் சமாளிக்க வேண்டியது இந்த விசிலைத்தான். வசனம் எவ்வளவு முற்போக்காக இருந்தாலும், இதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் நாடகம் கையைவிட்டுப் போய்விடும்.

நானும் விட்டிருக்கிறேன். திருநங்கைப் பாத்திரத்துக்கு நன்றாக நடிக்கும் மாணவன் ஒருவனைப் போட்டேன். ஒத்திகையில் அவன் நடையைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். சரி, போகப் போகப் பழகிவிடும் என்று இருந்துவிட்டேன். மேடையில் கூட்டம் சிரிக்க, அவன் இடுப்பை இன்னும் கொஞ்சம் ஆட்ட, அவளை வீட்டைவிட்டுத் துரத்தும் காட்சி காமெடியாக முடிந்தது. தப்பு அவனுடையதல்ல. நடையிலிருந்து பாத்திரத்தைப் பிடிக்கச் சொன்னது நான். அவள் என்ன வேலைக்குப் போகிறாள், யாரிடம் கடன் வாங்கியிருக்கிறாள், எதற்குக் கோபப்படுவாள் என்பதிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் வேடம் மாறினாலே கேலி என்பது நம் மேடையின் வழக்கமல்ல. ஔவையாராக நடித்த டி.கே. சண்முகத்துக்கு 'அவ்வை' பெயரோடேயே ஒட்டிக்கொண்டது. 1935-ல் வந்த படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். தெருக்கூத்தில் திரௌபதி வேடம் கட்டுபவர் பெரும்பாலும் ஆண்தான். துகிலுரியும் இடத்தில் யாரும் விசிலடிப்பதில்லை. இதையெல்லாம் முதல் வாரமே மாணவர்களோடு பேசுங்கள். ஸ்திரீபார்ட்டுக்கு, அதாவது பெண் வேடம் கட்டிய ஆண் நடிகருக்கு, மேடையில் கிடைத்த மரியாதை திருநங்கைகளுக்குத் தெருவில் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான்.

அப்புறம், நடிகர் தேர்வு. வட்டமாக உட்காரவைத்து, "உங்களில் யாராவது அப்படி இருந்தால் சொல்லுங்கள், ரோல் பொருத்தமாக இருக்கும்" என்று கேட்கிறவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் இருபது பேர் நடுவில் ஒரு பிள்ளை என்ன சொல்லும்? வாயைத் திறக்காவிட்டாலும் எல்லார் கண்ணும் யாரோ ஒருவர்மேல் போய் நிற்கும். சொந்த வாழ்க்கையை எழுதி வரச் சொல்லி அதற்கு இன்டர்னல் மார்க் போடுவது இதைவிட மோசம். அதிகம் அழவைப்பவருக்கு முழு மார்க் என்றாகிவிடும்.

சென்னையில் ஸ்டெல்லா மாரிஸில் ஆங்கிலம் கற்பித்த அ. மங்கை, கண்ணாடி கலைக்குழுவோடு சேர்ந்து நாடகம் செய்தார். அங்கே திருநங்கைகளே நடிகர்கள். நீங்களும் அப்படிப்பட்ட கலைஞர்களை அழைக்கலாம். பொன்னாடை, செல்ஃபியோடு அனுப்பிவிடாதீர்கள். மற்றப் பயிற்சியாளருக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம் கொடுங்கள், பிரதியில் கைவைக்கும் உரிமையும் கொடுங்கள்.

வில்லன் வாயில் வசைச்சொல் வைக்கும்போது ஜாக்கிரதை. மறுநாள் கேன்டீனில் உங்கள் வசனத்தில் ஓடுவது அந்தச் சொல் மட்டும்தான். சரியான சொல் தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. உயர் நீதிமன்றம் அழுத்தம் கொடுத்த பிறகு 2022-ல் தமிழ்நாடு அரசே திருநங்கைகள் உள்ளிட்ட குயர் மக்களை மரியாதையாகக் குறிப்பிடும் சொற்பட்டியல் வெளியிட்டிருக்கிறது. கடைசிக் காட்சியில் கதாநாயகியைத் தூக்கில் தொங்கவிட்டு மெழுகுவத்தி ஏற்றும் முடிவையும் விட்டுவிடலாம். போதும் போதும் என்னும் அளவுக்குப் பார்த்தாயிற்று.

மேடையில் பெண் விடுதலை, ஒத்திகை மட்டும் இரவு எட்டு வரை. விடுதி கேட் ஆறரைக்கே மூடினால் என்ன ஆகும்? லைட், மைக், இசை எல்லாம் பையன்கள் கைக்குப் போய், பெண்கள் உடை தைத்துக்கொண்டிருப்பார்கள். நேரத்தை மதியத்துக்கு மாற்றுங்கள். லைட் போர்டில் ஒரு பெண்ணை உட்காரவையுங்கள். உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

பலர் மறப்பது செல்போனை. நாடகம் முடிந்த அன்றிரவே முப்பது விநாடித் துண்டு ஒன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறும். ஊரில் இருக்கும் சித்தப்பா பார்ப்பார். மறுநாள் அந்த மாணவி வகுப்புக்கு வராமல்கூடப் போகலாம். வாசலிலேயே போன்களை வாங்கி வைத்துவிடுங்கள். போஸ்டரில் யார் யார் பெயர் வரலாம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்பவரிடம் காரணம் கேட்காதீர்கள். 'மற்றும் நண்பர்கள்' என்று ஒரு வரி போட்டால் தீர்ந்தது.